நூறு மீட்டர் மட்டுமல்ல, 21 வயதும் சட்டம்தான்

கல்லூரிக்குப் பக்கத்தில் மதுக்கடையோ பாரோ வந்தால் எல்லாரும் முதலில் கேட்பது, "நூறு மீட்டர் தள்ளியிருக்கா?" என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் புதுக்கோட்டை மாவட்டம் இலுப்பூர் போன்ற ஊரில் அதைவிட வலுவான கேள்வி ஒன்று உண்டு: வாங்க வந்த பையனுக்கு 21 வயது ஆகிவிட்டதா?

தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. பிளஸ் டூ முடித்து 17, 18 வயதில் கல்லூரிக்குள் நுழைகிறவர், மூன்று வருடப் படிப்பை முடிக்கும்போதும் 20, 21-ல்தான் இருப்பார். இலுப்பூர் மேட்டுச்சாலையில் பொறியியல், வேளாண் கல்லூரிகள் இருக்கின்றன. நான்கு வருடப் படிப்பு என்றாலும் இறுதியாண்டுக்கு வரும் வரை இதே கணக்குதான். ஆகவே இந்த மாணவர்களில் பெரும்பாலோருக்கு, கடை நூறு மீட்டரில் இருந்தாலும் பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் ஒரு குவாட்டர்கூட விற்க முடியாது. கழுத்தில் கல்லூரி அடையாள அட்டையோடு நிற்பவரிடம் வயதுச் சான்று கேட்காமல் பாட்டிலை நீட்டினால் புகார் கொடுக்கலாம். வேறு எதையும் அளக்க வேண்டியதில்லை.

இனி அந்த நூறு மீட்டர். மது சில்லறை விற்பனை விதிகள் 2003-ல் வந்தவை. கல்வி நிலையம், வழிபாட்டுத் தலம் ஆகியவற்றிலிருந்து மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டருக்குள்ளும், மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் கடை கூடாது என்கிறது 8-ஆம் விதி. இலுப்பூர் பேரூராட்சி என்பதால் இங்கே 100 மீட்டர். வரைபடத்தில் நேர்க்கோடு போட்டு அளப்பதில்லை. ஆள் நடந்து போகும் வழியில் அளக்க வேண்டும். டேப்பைப் பிடிக்கும்போது நீங்களும் கூடவே நில்லுங்கள். கடை வாசலின் நடுவில் தொடங்கி, பாதையோடு போய், கல்லூரியின் மிக அருகிலுள்ள கேட்டின் நடுவில் முடிய வேண்டும். பின்பக்க கேட் ஒன்று அன்றாடம் புழக்கத்தில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். மெயின் கேட்டை மட்டும் அளந்துவிட்டுப் போக விடாதீர்கள்.

இந்த விதிக்கு ஓட்டைகளும் உண்டு. வணிகப் பகுதி என்று திட்டக்குழுமம் வகைப்படுத்திய இடத்தில் இந்தத் தூரக் கட்டுப்பாடு செல்லாது. கடை வந்த பிறகு கல்லூரி வந்திருந்தாலும் செல்லாது. மனு எழுதும் முன்பே இவ்விரண்டையும் விசாரித்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஒரே வரியில் நிராகரித்து அனுப்பிவிடுவார்கள்.

பள்ளிக்கும் வழிபாட்டுத் தலத்துக்கும் அருகே இருந்த கடை ஒன்றை அகற்றச் சொல்லித்தான் காந்தியவாதி சசிபெருமாள் குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் செல்போன் கோபுரத்தில் ஏறினார். 2015 ஜூலை 31 அன்று அந்தப் போராட்டத்திலேயே உயிர்விட்டார். அடுத்த சில நாட்களில் சென்னைப் பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2016 டிசம்பரில், வழக்கறிஞர் கே.பாலு தொடர்ந்த வழக்கில், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்பனை கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. நல்ல செய்திதான். ஆனால் அவற்றுள் பல நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள்ளும் வயல்வெளிக்கும் குடிபெயர்ந்தன. அந்தக் கோடையில் மாநிலம் முழுக்கப் பெண்கள் மறியலில் உட்கார்ந்தது அதனால்தான். ஒரு கடையை எடுக்கச் சொல்லும்போதே, அது அடுத்து எங்கே போகப்போகிறது என்றும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டாஸ்மாக் மட்டுமே கடை அல்ல. மனமகிழ் மன்றம் என்ற பெயர்ப்பலகையோடு நடப்பவற்றுக்கு இருப்பது உறுப்பினர்களுக்கு மட்டுமான உரிமம்; போகிற வருகிறவர்களுக்கெல்லாம் அங்கே ஊற்றிக்கொடுக்க அனுமதி இல்லை. இதைவிட மோசமானது சந்துக்கடை. டாஸ்மாக் நேரம் பகல் 12 முதல் இரவு 10 வரை. அதற்கு முன்னும் பின்னும் கூடுதல் விலைக்குக் கிடைக்கும் பாட்டிலுக்கு வயதும் கிடையாது, தூரமும் கிடையாது, பில்லும் கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. சாராயத்தால் மரணம் நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை விதிக்கலாம் என்று அதே மாதம் சட்டமன்றம் மதுவிலக்குச் சட்டத்தைத் திருத்தியது.

மாணவர்களிடம் நேரடியாகச் சொல்ல வேண்டியது வண்டியைப் பற்றி. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவு பாயும். முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சொந்த வண்டிச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் பணம் வராது. மோதப்பட்டவருக்கு நிறுவனம் இழப்பீடு கொடுத்துவிட்டு, வண்டி உரிமையாளரிடமிருந்து அதை வசூலிக்க முடியும். அந்த உரிமையாளர் பெரும்பாலும் அப்பாதான். விராலிமலைப் பக்கமோ புதுக்கோட்டைப் பக்கமோ இருட்டில் மூன்று பேராக ஒரே வண்டியில் போகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஜூனியரைக் குடிக்கச் சொல்லி வற்புறுத்துவதும், "ட்ரீட்" என்று பாட்டிலுக்குக் காசு பிடுங்குவதும் ராகிங். சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு 1996-ல் கொல்லப்பட்ட பின், 1997-ல் தமிழ்நாடு ராகிங்கைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. தண்டனை இரண்டாண்டுச் சிறை வரை. பல்கலைக்கழக மானியக் குழுவின் ராகிங் தடுப்பு எண் 1800-180-5522.

பஸ்ஸுக்கு நிற்கும் மாணவியைக் குடித்தவர் சீண்டினால் அவள் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டியதில்லை. பெண்களுக்குத் துன்பம் விளைவிப்பதைத் தடுக்கும் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தன் வளாகத்தில் இது நடந்தால் தடுக்கவும் புகார் கொடுக்கவும் வேண்டிய கடமையைக் கல்லூரி நிர்வாகத்தின் மீதும் அது வைத்திருக்கிறது. உடனடி உதவிக்கு 181.

இனி மனு. "மதுக்கடையை மூடுக" என்று ஒற்றை வரியில் எழுதித் தரும் மனு, கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். கடை எண்ணை எழுதுங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, சீருடையிலோ அடையாள அட்டையோடோ இருந்தவருக்கு விற்றதை யார் பார்த்தார்கள், வாசலிலிருந்து கேட்டுக்கு எத்தனை மீட்டர் என்று எழுதுங்கள். படம் எடுத்தால் மாணவரின் முகம் தெரிய வேண்டாம், குற்றவாளி விற்கிறவர்தான். இலுப்பூரிலேயே வட்டாட்சியரும் கோட்டாட்சியரும் இருக்கிறார்கள். திங்கட்கிழமை புதுக்கோட்டை ஆட்சியரகத்தில் குறைதீர்க்கும் நாள். மனு எண் உள்ள ரசீதை வாங்காமல் திரும்பாதீர்கள். டாஸ்மாக் மாவட்ட மேலாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு நகல் போகட்டும். சந்துக்கடை என்றால் மதுவிலக்குப் பிரிவின் 10581.

பதில் வரவில்லையா? பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள்: கடை எந்தத் தேதியில் திறக்கப்பட்டது, தூரத்தை அளந்தவர் யார், அளவு வரைபடத்தின் நகல், இடம் எந்த வகைப்பாட்டில் உள்ளது. 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தத் தாள்களோடு சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குத் தொடுக்கலாம். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும், எண் 15100. சுற்றியுள்ள ஊராட்சிகளில் கடை வரப்போகிறது என்று தெரிந்தால் கிராம சபையில் தீர்மானம் போட்டுவையுங்கள்.

ஏற்கெனவே குடிக்கப் பழகிவிட்ட பிள்ளைக்கு இந்த மனுக்களால் பயன் இல்லை. அடித்தோ, படிப்பை நிறுத்தியோ அவனைத் திருத்த முடியாது. 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். கட்டணம் இல்லை. அவன் பேச மறுத்தால் முதலில் அம்மாவோ அப்பாவோ பேசலாம்.