எச்.ஐ.வி.: உள்ளூர் டாக்டரிடம் சொல்லலாமா?

எச்.ஐ.வி. உள்ளவர் காய்ச்சல், சளிக்குக்கூட பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டுமா?

வேண்டாம். எச்.ஐ.வி. மாத்திரையை அதற்கான ஏ.ஆர்.டி. சிகிச்சை மையத்தில் வாங்கினாலும், பி.பி., சர்க்கரை, வயிற்றுவலிக்கெல்லாம் ஆரம்ப சுகாதார நிலையமே போதும். ஆனால் இருமலை அலட்சியப்படுத்தக் கூடாது. மற்றவர்களுக்கு இரண்டு வாரம் நீடித்தால் சளிப் பரிசோதனை என்பார்கள். இவர்களுக்கு இருமல் வந்தாலே காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எச்.ஐ.வி. இருப்பதை அந்த டாக்டரிடம் சொல்லத்தான் வேண்டுமா?

சொல்லிவிடுவதே பாதுகாப்பு. இப்போது பெரும்பாலானோர் சாப்பிடுவது தினம் ஒரு மாத்திரை. மூன்று மருந்துகள் சேர்ந்தது. அதில் உள்ள டோலுடெக்ராவிர், நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில் போன்ற அமில முறிவு மருந்துகளோடு சேர்ந்தால் உடம்பில் சரியாக ஏறாது. அவற்றைக் குடிப்பதற்கு 2 மணி நேரம் முன்போ, 6 மணி நேரம் கழித்தோ எச்.ஐ.வி. மாத்திரையைச் சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் சாப்பிட்டால் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் இதே கணக்குதான். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் அளவையும் டாக்டர் குறைக்க வேண்டி வரலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் டோலுடெக்ராவிர் கூடுதலாக ஒரு வேளை தேவைப்படும். விஷயத்தை மறைத்தால் இதையெல்லாம் யார் கவனிப்பது?

சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடாதா?

இந்தப் பயம் நியாயமானது. பேச்சு பரவி வேலையையும் உறவையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். அதற்காகத்தான் 2017-ல் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் வந்தது; 2018 செப்டம்பரில் அமலானது. நோயாளியின் ஒப்புதல் இல்லாமல் நோய் விவரத்தை வெளியிடுவதும், எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதும் சட்டப்படி தவறு. உறவினர் எதிரில் பேசத் தயக்கமாக இருந்தால், டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

ரத்தத்தில் வைரஸே தெரியவில்லை என்றார்கள். மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. வைரஸை அடக்கி வைத்திருப்பதே அந்த மாத்திரைதான். நிறுத்தினால் சில வாரங்களிலேயே தலைதூக்கும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் மருந்துக்கே கட்டுப்படாமல் போகலாம். தவறாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் வைரஸ் தெரியாத நிலையிலேயே இருப்பவரிடமிருந்து தாம்பத்திய உறவு மூலம் துணைக்கு எச்.ஐ.வி. பரவாது. இதைக் கணவன், மனைவி இருவருமே தெரிந்துகொள்ள வேண்டும்.

நோயாளிக்குப் போட்ட ஊசி நர்ஸ் கையில் குத்திவிட்டால்?

சோப்பு போட்டுக் கழுவிவிட்டு உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

பரிசோதனையும் சிகிச்சையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். மேலும் சந்தேகம் இருந்தால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள்.