7 நாள் உல்லாசத்துக்கு 25 ஆண்டு கட்டணம்!

ஞாயிற்றுக்கிழமை மாலை. மனைவி, குழந்தைகளுடன் கடைகளைச் சுற்றிப் பார்க்க வந்தவரை, டை கட்டிய வாலிபர் ஒருவர் வழிமறிக்கிறார். "ஒரு நிமிஷம் சார். இந்தக் கூப்பனைப் பூர்த்தி செய்து கொடுங்கள். குலுக்கலில் பரிசு விழலாம்" என்கிறார். பெயர், போன் நம்பர், என்ன வேலை, என்ன சம்பளம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு அவரும் மறந்துவிடுகிறார்.

மூன்றாம் நாள் போன் வருகிறது. "வாழ்த்துக்கள்! உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது. கணவனும் மனைவியும் சேர்ந்து வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்" என்று இந்தியில் ஒரு பெண் குரல்.

போனால், பெரிய ஓட்டல் ஹால். குளுகுளு காற்று. காபி, பிஸ்கட். சுவர் முழுவதும் கொடைக்கானல், மூணாறு, கோவா படங்கள். இரண்டு மணி நேரம் பேசுகிறார்கள். கடைசியில், "இந்த விலை இன்றைக்கு மட்டும்தான்" என்று பாரத்தை நீட்டுகிறார்கள். முன்பணத்தைக் கட்டிவிட்டு, பரிசு டப்பாவோடு வீடு திரும்புகிறார் நம்மவர். அவர் வாங்கியது என்ன என்பது அவருக்கே பாதிதான் தெரியும்.

இதை மோசடி என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. பெரிய கம்பெனிகளும் இந்த வியாபாரத்தில் இருக்கின்றன. அறைகளும் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் கணக்குப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற சரக்கு அல்ல இது.

எங்கே பிறந்தது?

ஐரோப்பாவில் பிறந்த யோசனை இது. ஒரு விடுமுறை வீட்டை ஒருவரே வாங்க முடியாது. பலர் சேர்ந்து பணம் போட்டு, ஆளுக்குச் சில நாள் என்று முறை வைத்துத் தங்கலாம் அல்லவா? சுவிட்சர்லாந்தில் 1963-ல் தொடங்கிய ஹாப்பிமாக் என்ற கம்பெனி, பணம் போட்டவர்களைப் பங்குதாரர்களாகவே சேர்த்து, அவர்களுக்குப் புள்ளி கொடுத்தது. அமெரிக்காவில் 1974-ல் ஆர்.சி.ஐ. வந்தது. ஓர் ஊரில் உள்ள தவணையைக் கொடுத்து வேறோர் ஊரில் தங்க வழி செய்தது. டிஸ்னி கம்பெனி 1991-ல் புள்ளி முறையில் இறங்கியது.

நம் நாட்டில் ஸ்டெர்லிங் கம்பெனி 1986-ல் தொடங்கியது. மகிந்திரா 1996-ல் வந்தது. மகிந்திராவின் பழைய முறையில் ஆண்டை ஊதா, சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நான்கு நிறமாகப் பிரித்திருந்தார்கள். ஊதாதான் கிராக்கியான சீசன். அதற்கு விலையும் அதிகம். நீலம் வாங்கியவர், சீசன் இல்லாத நாளில்தான் போகலாம்.

புள்ளி முறை என்றால்?

இதில் வாரத்துக்குப் பதில் புள்ளி. ஆண்டுதோறும் உறுப்பினர் கணக்கில் இவ்வளவு புள்ளி என்று வரவு வைப்பார்கள். ஒவ்வோர் அறைக்கும் ஒரு புள்ளி விலை. ஊரைப் பொறுத்து, அறையின் அளவைப் பொறுத்து, மாதத்தைப் பொறுத்து, ஏன், கிழமையைப் பொறுத்தும் அது மாறும்.

ஒருவருக்கு ஆண்டுக்கு 1,000 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். கூட்டமில்லாத மாதத்தில், வேலை நாளில், சிறிய அறைக்கு ஓர் இரவுக்கு 80 புள்ளி என்றால் 12 இரவு தங்கலாம். அதே மலையில் மே மாதம் பெரிய அறை வேண்டும், இரவுக்கு 250 புள்ளி என்றால்? நாலே இரவில் கணக்கு காலி!

பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உள்ள குடும்பம் மே மாதம் போகாமல் ஜூலையிலா போகும்? யாருக்கு லீவு கிடைக்காதோ, அவருக்குத்தான் இந்த முறையில் அதிகப் புள்ளி செலவாகிறது. வேலையில் ஓய்வு பெற்ற தம்பதி, செவ்வாய், புதன் என்று போய்வர முடிந்தால், அவர்களுக்கு இது லாபமாக இருக்கலாம்.

இந்த ஆண்டுப் புள்ளியை அடுத்த ஆண்டுக்குச் சேமிக்கலாம், அடுத்த ஆண்டுப் புள்ளியை இப்போதே கடன் வாங்கலாம் என்பார்கள். உண்மைதான். ஆனால் சேமிப்புக்குக் கெடு உண்டு. தாண்டினால் புள்ளி செத்துவிடும். அறைக்கு எத்தனை புள்ளி என்ற பட்டியலைக் கம்பெனி திருத்தலாமா என்பதையும் ஒப்பந்தத்தில் தேடிப் படிக்க வேண்டும்.

மொத்தச் செலவு

விற்பவர் உறுப்பினர் கட்டணத்தைப் பற்றியே பேசுவார். ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்தைக் கடைசியில் மெல்லிய குரலில் சொல்வார். போனாலும் போகாவிட்டாலும் அதைக் கட்டியாக வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு அது ஏறவும் செய்யும்.

கணக்குக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். உறுப்பினர் கட்டணம் 3 லட்சம் ரூபாய். ஆண்டுக்கு 7 இரவு, 25 ஆண்டு. பராமரிப்பு முதல் ஆண்டில் 15,000. ஆண்டுதோறும் 5 சதவீதம் ஏற்றம். ஜி.எஸ்.டி. 18 சதவீதம்.

வரியோடு உறுப்பினர் கட்டணம் 3 லட்சத்து 54 ஆயிரம். பராமரிப்பு, 25-வது ஆண்டில் வரி இல்லாமலே 48 ஆயிரத்தைத் தாண்டுகிறது. 25 ஆண்டுப் பராமரிப்பு வரியோடு சுமார் 8 லட்சத்து 45 ஆயிரம். மொத்தம் சுமார் 12 லட்சம்! ஒரு இரவும் விடாமல் 175 இரவும் தங்கினால், இரவுக்குச் சுமார் 6,850 ரூபாய். மூன்று ஆண்டில் ஓர் ஆண்டு போக முடியாமல் போய்ப் புள்ளியும் கெட்டுவிட்டால், அது 10 ஆயிரத்துக்கு மேல் போய்விடும். சாப்பாடும் ரயில் டிக்கெட்டும் தனி.

அந்த 3 லட்சத்து 54 ஆயிரத்தை 7 சதவீத வட்டிக்கு பாங்கியில் போட்டால் ஆண்டுக்கு 24,780 ரூபாய் வட்டி வரும். முதலும் கையை விட்டுப் போகாது. மாதத் தவணையில் கட்டுகிறவருக்கோ வட்டி வருவதில்லை. அவர் வட்டி கட்டுகிறார்.

வெளிநாட்டில் தங்கலாம் என்கிறார்களே? அதற்கு மாற்று கம்பெனியில் தனிச் சந்தா, ஒவ்வொரு தடவையும் மாற்றுக் கட்டணம்.

ஊருக்குப் போவதா, மலைக்குப் போவதா?

மும்பைத் தமிழருக்கு ஆண்டில் ஒரு நீண்ட லீவு. அது ஊருக்குப் போகத்தான். கோவில் கொடை, தங்கை வீட்டுக் கல்யாணம், அம்மாவின் கண் ஆபரேஷன். லீவு முழுவதும் திருநெல்வேலியிலேயே தீர்ந்துவிட்டால் கொடைக்கானல் புள்ளியை யார் அனுபவிப்பது?

ரயில் சங்கதி ஒன்றும் உண்டு. சீசன் அறையைப் பல மாதம் முன்னாலேயே பிடித்துவைக்க வேண்டும். ரயில் முன்பதிவோ 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அறை கையில், டிக்கெட் வெயிட்டிங் லிஸ்டில்! அறையைத் தாமதமாக ரத்து செய்தால் புள்ளி போய்விடும்.

எல்.டி.சி.யில் சரிக்கட்டலாம் என்று நினைப்பவர்களுக்கு: அதில் பயணக் கட்டணம்தான் கிடைக்கும். அறை வாடகை கிடைக்காது. ரயில்வே, மத்திய அரசு, பாங்கி ஊழியர்களுக்கு மலை ஊர்களிலும் கடற்கரை ஊர்களிலும் குறைந்த வாடகையில் விடுமுறை இல்லங்கள் உண்டு. கூப்பனை நிரப்புவதற்கு முன், ஆபீஸ் நோட்டீஸ் போர்டை ஒரு தடவை பார்க்கலாம்.

கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள்

நம் நாட்டில் இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. ஐரோப்பிய யூனியனில் 14 நாளுக்குள் மனம் மாறலாம். அமெரிக்காவின் புளோரிடாவில் 10 நாள். இங்கே அது ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. ஆகவே வீட்டுக்கு வந்த அன்றே அந்த வரியைத் தேட வேண்டும். வேண்டாம் என்றால் கெடுவுக்குள் எழுத்து மூலம் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ள வேண்டும். போனில் சொன்னால் போதாது. ஹாலில் வாயால் சொன்ன சலுகைகளும் ஒப்பந்தத்தில் இல்லையென்றால் இல்லைதான்.

பின்னால் விற்றுவிடலாம் என்று நம்பி வாங்க வேண்டாம். வாங்க ஆள் கிடைப்பது அரிது. "உங்கள் உறுப்பினர் உரிமையை நல்ல விலைக்கு விற்றுத் தருகிறோம், முதலில் வரிக்குப் பணம் அனுப்புங்கள்" என்று போன் வந்தால் உஷார்! அது இரண்டாவது பள்ளம்.

தகராறு என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019-ம் ஆண்டுச் சட்டப்படி, கம்பெனியின் ஆபீஸ் எந்த ஊரில் இருந்தாலும், தான் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். கட்டிய தொகை 5 லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை.