இந்தப் பள்ளிக்கு யார் பொறுப்பு?

2011 அக்டோபரில் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. சாலை, குப்பை, தெருவிளக்கு, சொத்து வரி எல்லாம் மாநகராட்சியின் பொறுப்புக்குப் போயின. அரசுப் பள்ளிகள் மட்டும் போகவில்லை. அவை பழையபடி பள்ளிக்கல்வித் துறையிடமே இருந்தன. இப்படி விரிவாக்கப் பகுதிகளில் விடுபட்டிருந்த 139 பள்ளிகளை மாநகராட்சியிடம் ஒப்படைக்க 2022 இறுதியில்தான் அரசாணை வந்தது. 2011-ல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை அதற்குள் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்திருக்கும். அந்த இடைக்காலத்தில் மாநகராட்சி, பிரெஞ்சு வளர்ச்சி முகமையின் உதவியோடு 28 பள்ளிகளைப் புதுப்பிக்கும் திட்டத்தைக் கையில் எடுத்தது. தன் வசம் இல்லாத பள்ளியை மாநகராட்சி எப்படி அந்தப் பட்டியலில் சேர்க்கும்? அம்பத்தூர்ப் பெற்றோரும் மாநகராட்சிக்குத்தான் சொத்து வரி கட்டினார்கள். அந்த வரிக்குள் கல்வி வரி என்றொரு பங்கும் உண்டு. கல்வியில் சமத்துவம் என்றதும் வறுமை, சாதி, பயிற்று மொழி ஆகியவற்றைப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் மேற்குப் புறநகரில் இன்னொரு காரணமும் இருக்கிறது. பள்ளி யாருடையது என்பதே தெளிவில்லாமல் இருப்பது.

அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் இருக்கிறது. அதையொட்டிய திருமுல்லைவாயல், 2019-ல் மாநகராட்சியான ஆவடிக்குள் வருகிறது. பூந்தமல்லி நீண்ட காலமாக நகராட்சி. அயப்பாக்கம் போன்ற இடங்கள் அடுக்குமாடி வீடுகளால் நிரம்பிய பிறகும் ஊராட்சியாகவே நீடித்தவை. சில கிலோமீட்டருக்குள் இத்தனை நிர்வாகங்கள். கழிவறைக் கதவு உடைந்தால் எங்கே போய்ச் சொல்வது என்று பெற்றோருக்குத் தெரியாது. சொன்னாலும், 'அது எங்கள் பொறுப்பில் வராது' என்ற பதிலை ஒவ்வோர் அலுவலகமும் சொல்ல முடியும். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் இந்தப் பதிலை ஏற்பதில்லை. 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் அது ஒரே அளவுகோலைத்தான் வைக்கிறது. ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிவறை, குடிநீர், சுற்றுச்சுவர், விளையாட இடம், தடையின்றி நுழைய வழி ஆகியவை பள்ளிக்கு இருந்தே ஆக வேண்டும். பள்ளியை நடத்துவது மாநகராட்சியா ஊராட்சி ஒன்றியமா என்பதைப் பொறுத்து இவை மாறுவதில்லை.

அந்த அளவுகோல் அடித்தளம் மட்டுமே. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது சட்டத்தின் அட்டவணை. அதாவது ஐந்து வகுப்புகளை இருவர் நடத்தினாலும் சட்டப்படி குறையில்லை. இதோடு தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1 அன்று உள்ள மாணவர் எண்ணிக்கையை வைத்து ஆசிரியர் பணியிடத்தை நிர்ணயிக்கும் வழக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். திருவள்ளூர் மாவட்டச் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்கள் ஆண்டு இறுதியை ஒட்டி வந்து, கோடை முடிந்து மழை தொடங்கும்போது ஊர் திரும்புகின்றன. ஆகஸ்டில் அந்தப் பிள்ளைகள் இங்கே இருப்பதில்லை, ஜனவரியில் இருக்கிறார்கள். தொழிற்பேட்டை வேலைக்காக நடு ஆண்டில் குடிபெயரும் குடும்பங்களின் பிள்ளைகளும் அந்தக் கணக்கில் வருவதில்லை. வேண்டுமென்றே யாரையும் ஒதுக்காமலேயே, ஆண்டில் ஒரே ஒரு நாள் எடுக்கும் கணக்கு இவர்களை விட்டுவிடுகிறது. இடம்பெயர்ந்து வரும் குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று சட்டத்தின் 9-ஆம் பிரிவு தனியாகவே சொல்கிறது. சேர்த்தால் மட்டும் போதுமா? அவர்களுக்குக் கற்றுத்தர ஆளும் வேண்டும். வரத்து மிகுந்த வட்டாரங்களில் ஜனவரியில் இரண்டாம் கணக்கு எடுத்து, தற்காலிக ஆசிரியரையாவது தர வேண்டும் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

எல்லாப் பள்ளிக்கும் சமமாகப் பங்கிடுவதுதானே சமத்துவம், ஒரு பகுதிக்கு ஏன் கூடுதல் என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டில் படிக்க இடமும் சொல்லித்தர ஆளும் உள்ள பிள்ளைக்கும், தமிழே புதிதாக உள்ள பிள்ளைக்கும் ஒரே அளவு கொடுத்தால் இடைவெளி அப்படியேதான் இருக்கும். தமிழ்நாடு இதை ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது அந்த நியாயத்தில்தான். 2022-ல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் வீட்டில் இல்லாததைப் பள்ளியில் ஈடுசெய்கிறது. கல்லூரி வாசலில் ஏற்கும் நியாயத்தை ஒன்றாம் வகுப்பில் மறுப்பது எப்படிச் சரியாகும்? தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்கு இதே சட்டப்படி 25 விழுக்காடு இடம் இருக்கிறதே என்பது அடுத்த மறுப்பு. அது பயனுள்ள வழிதான். ஆனால் நுழைவு வகுப்பில் மட்டும் திறக்கும் வழி. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அது பொருந்தாது. ஒன்றிய அரசு கல்வி நிதியை நிறுத்தி வைத்ததால் 2025-ல் அந்தச் சேர்க்கை, பள்ளி திறந்து பல மாதங்கள் கழித்து அக்டோபரில்தான் தொடங்கியது. இரு அரசுகளின் நிதிப் பிணக்கு தீரும்வரை காத்திருக்கும் இடத்தை நம்பி, பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியைக் கைவிட முடியாது.

உரிமை இருந்தும் பெற்றோர் பேசாமல் இருப்பதற்குப் பெரிய காரணம் பயம். கோபத்தைப் பிள்ளையிடம் காட்டிவிடுவார்களோ என்ற அந்தப் பயத்தைக் குறைசொல்ல முடியாது. அதற்காகத்தான் தனியாளாகப் போகாமல் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகப் போக வேண்டும் என்கிறேன். அந்தக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது சட்டம் அந்தக் குழுவுக்குக் கொடுத்த வேலை. கூட்டத்தில் குறையைத் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். கேட்டது யாரோ ஓர் அம்மா என்ற நிலை மாறி, கேட்டது குழு என்றாகிவிடும். பள்ளியின் 11 இலக்க யுடைஸ் எண்ணை வைத்து, அங்கே எத்தனை ஆசிரியர், எத்தனை கழிவறை என்று அரசிடமே பதிவான விவரத்தை இணையத்தில் பார்க்கலாம். தாளில் இருப்பதும் நேரில் இருப்பதும் வேறுபட்டால் அதுவே வலுவான சான்று. 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி மனு போட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்தில் கொடுத்த புகாரை மூன்று மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பள்ளியை நிர்வகிக்கும் அதிகார அமைப்பையும் உள்ளாட்சி அமைப்பு என்றே சட்டம் வரையறுப்பதால், 'எங்கள் பொறுப்பில்லை' என்பவரிடம், யாருடைய பொறுப்பு என்பதை எழுதித்தரச் சொல்லலாம். தீராவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) இல்லை, பிறப்புச் சான்று இல்லை என்று சேர்க்க மறுப்பதும், நுழைவுத் தேர்வு வைப்பதும், நன்கொடை கேட்பதும் சட்ட மீறல்கள். இவற்றுக்கு 14417 என்ற கல்வி உதவி எண்ணில் முதலில் பேசலாம். பிள்ளை வேலைக்கு அனுப்பப்பட்டால் 1098. கல்வி உரிமைச் சட்டத்தின் காப்பு எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது என்பதையும் மறக்கக் கூடாது. பட்டறைகள் நிறைந்த அம்பத்தூரில் ஒன்பதாம் வகுப்பில் பெயர் விட்டுப்போகும் பையனைத் தேடிப்போவது, மேலாண்மைக் குழு தானாக எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை.

இப்போது ஆவடி மாநகராட்சியின் எல்லையை விரிவாக்குவது பற்றிய பேச்சு இருக்கிறது. பூந்தமல்லியின் பெயரும் அதில் அடிபடுகிறது. வரி எவ்வளவு கூடும் என்று எல்லோரும் கேட்பார்கள். அதே கூட்டத்தில் இன்னொன்றையும் கேட்க வேண்டும். எங்கள் பகுதிப் பள்ளிகளை எந்தத் தேதியில், யார் எடுத்துக்கொள்ளப் போகிறீர்கள்? அந்தத் தேதியை இணைப்பு அரசாணையிலேயே எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். அம்பத்தூரில் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கப் பதினோர் ஆண்டு ஆனது.