'சட்டம் இருக்கு, ஊர் விடணுமே!' - தென்காசிச் சீமையின் பழைய கதைகள் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னது என்ன?

குற்றாலத்துக்குச் சீசன் குளியல் போடப் போகிறவர்கள் செங்கோட்டை, கடையம் போர்டுகளைப் பார்த்திருப்பார்கள். இன்றைய தென்காசி மாவட்டத்தின் இந்த இரண்டு ஊர்களுக்கும் ஒரு பழைய கேள்வியோடு தொடர்பு உண்டு. விவரம் புரியாத வயதில் கல்யாணம் செய்துவைக்கப்பட்டு, கணவன் இறந்ததும் மூலையில் உட்கார வைக்கப்பட்ட பெண்ணுக்கு என்னதான் வழி?

முதல் குரல் யாருடையது?

செங்கோட்டை ஆவுடை அக்காள். 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் இவர், சிறுவயதிலேயே விதவையானவர். எழுதப் படிக்கக் கற்று வேதாந்தப் பாடல்கள் பாடினார். தீட்டு, மடி, ஆசாரம் எல்லாவற்றையும் அந்தப் பாடல்களிலேயே கேள்வி கேட்டார். அச்சுக்கு வரும் முன்பே பெண்கள் அவற்றை வாய்வழியாகக் காப்பாற்றினார்கள். ஓர் ஆடி அமாவாசையில் குற்றால அருவியில் நீராடி மலையேறியவர் திரும்பவே இல்லை என்கிறது செவிவழிக் கதை. அவருக்குக் கிடைத்த விடுதலை ஆன்மிகம். மறுமணம் என்ற பேச்சுக்கே அன்று இடமில்லை.

சட்டம் வந்ததே, மாறவில்லையா?

1856இல் விதவை மறுமணத்தைச் சட்டம் அனுமதித்தது. ஆனால் மறுமணம் செய்தால் சாதிவிலக்கு. கோயில், கிணறு, சொந்தபந்தம் எல்லாம் போச்சு. 1889இல் 'தி இந்து', 'சுதேசமித்திரன்' இதழ்களைத் தொடங்கிய ஜி.சுப்பிரமணிய ஐயர், விதவையான தன் மகளுக்குப் பம்பாயில் மறுமணம் செய்துவைத்தார். அவரைப் போன்ற பெரிய மனிதரையே ஊர் ஒதுக்கியது. 1891இல் வந்த சம்மத வயதுச் சட்டமும் வயதை 10இல் இருந்து 12ஆகத்தான் உயர்த்தியது. அதற்கே நாடு முழுக்க எதிர்ப்பு.

இங்கேதான் கதை வருகிறது

அடுத்த ஆண்டே, 1892இல், 'விவேக சிந்தாமணி' இதழில் ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்வது போன்ற தொடர் வந்தது. எழுதியவர் நெல்லைச் சீமையின் பெருங்குளத்தில் பிறந்த அ.மாதவையா. அப்போது அவருக்கு வயது 20. தொடர் சில அத்தியாயங்களிலேயே நின்றுபோனது. விடாமல் 1903இல் 'முத்துமீனாட்சி' என்ற சிறு நாவலாக வெளியிட்டார். குழந்தை மணம், மாமியார் கொடுமை, விதவைக் கோலம் எல்லாம் கடந்து, கடைசியில் கதாநாயகிக்கு மறுமணம் நடக்கிறது.

இதில் புதுசு என்ன? அதுவரை விதவை மறுமணம் சாஸ்திரம் படித்தவர்களின் விவாதம். 'சாஸ்திரத்தில் இருக்கா, இல்லையா' என்று ஆண்கள் வாதாடினார்கள். மாதவையாவின் கதையில் அடி வாங்கியவளே பேசுகிறாள். ஆனாலும் அந்தக் குரலை எழுதியது ஓர் ஆண்தான் என்பதையும் மறக்க முடியாது.

கடையமும் சந்திரிகையும்

1897இல் பாரதிக்குக் கல்யாணம் நடந்தபோது அவருக்கு 14 வயது. கடையத்துச் செல்லம்மாளுக்கு 7 வயது. பின்னாளில் பெண் விடுதலை பாடியவரின் வீட்டிலும் இதுதான் நிலைமை. புதுச்சேரியில் இருந்து வெளியேறிக் கைதாகி, 1918இல் விடுதலையானதும் அவர் வந்து தங்கியது கடையத்தில்தான்.

அவருடைய 'சந்திரிகையின் கதை' பொதிகை மலையடிவாரத்தில் தொடங்குகிறது. பிரசவத்துக்குப் பின் உயிர்விடும் கோமதி, குழந்தை சந்திரிகையை விதவை நாத்தனார் விசாலாட்சியிடம் ஒப்படைக்கிறாள். 'நீ மறுமணம் செய்துகொள்' என்றும் கேட்டுக்கொள்கிறாள். விசாலாட்சி உதவி தேடிச் செல்லும் பெரிய மனிதர்களில் நிஜ ஜி.சுப்பிரமணிய ஐயரும் வருகிறார்! 1921இல் பாரதி மறைந்ததால், சந்திரிகை வளர்ந்து என்ன ஆனாள் என்பது எழுதப்படாமலே நின்றுவிட்டது.

இன்னிக்கு இதை ஏன் படிக்கணும்?

1929இல் சாரதா சட்டம் பெண்ணின் மண வயதை 14 ஆக்கியது. இப்போது அது 18. ஆனால் '18 முடிஞ்சாச்சு, இனி யாரைக் கட்டிக்கணும்னு நாங்க சொல்றோம்' என்ற பேச்சு இன்றும் பல வீடுகளில் கேட்கிறது. வயதைச் சட்டம் தீர்மானித்துவிட்டது. விருப்பத்தைத் தீர்மானிப்பது யார் என்ற கேள்வி இன்னும் வீட்டுக்குள்ளேயேதான் இருக்கிறது.

நெல்லை - செங்கோட்டை பாசஞ்சரில் போனால் கீழக்கடையம், தென்காசி, செங்கோட்டை என்று வரிசையாக ஸ்டேஷன்கள் வரும். அடுத்த குற்றாலம் டிரிப்பில் படிக்க 'முத்துமீனாட்சி' சரியான அளவுப் புத்தகம்.