வீடு யாருடைய பெயரில்?

திருகோணமலையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோகிறார். திருக்கடலூர் மீனவர் வளவுகளிலும் சரி, குடாவுக்கு அக்கரையில் மூதூர், கிண்ணியா முஸ்லிம் வீடுகளிலும் சரி, மகள் பெரியவளானதும் தகப்பனைப் பிடிக்கும் முதல் கவலை வீடுதான். அத்திவாரம் போட்டு, சுவர் எழும்பி, ஓடு போடுமுன் காசு முடிந்து நிற்கும். தம்பி கட்டாருக்குப் போய் அனுப்புகிற பணத்தில் கூரை ஏறும். கலியாணத்தோடு உறுதி மகள் பெயருக்கு மாறும். தாயும் தகப்பனும் பின்பக்கம் ஒரு அறையும் குசினியும் இறக்கிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள்.

பெண்வழி வீடு என்றால், சீனாவின் யுன்னான் மாகாணத்தில், லூகு ஏரிக்கரை மோசுவோ மக்களின் தாய்வழி வீடுகளைப் பார்க்க உலகமே போகிறது. அதே சீனாவின் பெரும்பான்மை ஹான் மரபில் பெண் கணவன் வீட்டுக்குப் போக வேண்டியவள். வீடு மாப்பிள்ளை தரப்பின் பொறுப்பு. நமது கரையிலோ குடும்பம் குலைந்தால் பெட்டியைத் தூக்க வேண்டியவன் ஆண். வேலிக்கு அப்பால் அக்காவும் சித்தியும் இருக்கும்போது பெண்ணை அடிக்கக் கை ஓங்குவதும் சுலபமில்லை.

சீதன வீடு பெண்ணைப் பெற்றவர் தலையில் ஏறும் கடன் என்பார்கள், அதுவும் மெய்தான். எனக்கோ அந்த வீடும் கைநழுவிப் போவதுதான் பயம்.

அரச காணியில் இந்த வழமை செல்லாது. கந்தளாய், அல்லை போன்ற குடியேற்றத் திட்டங்களில் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமே பேசியது. அனுமதிப்பத்திரக்காரர் பின்னுரித்தாளரைக் குறிக்காமல் இறந்தால் மனைவிக்கு ஆயுள் உரித்து மட்டும். பிறகு பெண் பிள்ளைகளைத் தாண்டி மகனுக்கு. மகனை முன்வைத்த அந்த வரிசை திருத்தப்பட 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதற்குள் 2004இல் சுனாமி வந்து போயிற்று. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்றார்கள். தாய்வழி வந்த வளவை விட்டு உள்ளே அரச காணிக்குப் போனவர்களிடம், 'குடும்பத் தலைவர்' யார் என்று படிவம் கேட்டது. கேள்வியிலேயே பதில் இருந்தது. பெண்ணின் உறுதிக்கு ஈடாகக் கிடைத்த வீடு, பல இடங்களில் ஆணின் பெயருக்குப் போனது. தடை பின்னர் தளர்ந்தது. எழுதிய பெயர்கள் அப்படியே இருந்தன.

2004இல் கைக்குழந்தையாக இருந்த பெண் பிள்ளைகளுக்கு இப்போது கலியாணம் பேசுகிறார்கள். அவர்களில் பலருக்கு எழுதிக் கொடுக்கத் தாயின் பெயரில் வீடு இல்லை.