ஒரு தாய்மரமும் பதினொரு கன்றுகளும்

ஏரிக்கரையிலும் மேட்டுப் புன்செயிலும் தானாக முளைத்து நிற்கும் ஈச்ச மரத்தை நம்மில் அறியாதவர் குறைவு. அதன் நெருங்கிய உறவினமே பேரீச்சை. பேரீச்சையில் பல நூறு வகைகள் உண்டு. கடைகளில் அட்டைப் பெட்டியில் அடுக்கி, தனி விலை வைத்து விற்கும் பெரிய, மெத்தென்ற பழத்தின் பெயர் மெஜூல். மொராக்கோ நாட்டுத் தாஃபிலால்த் பாலைவனச் சோலைகளின் செல்வம் இது. 

இவ்வளவு உயர்ந்த பழத்தை ஏன் எல்லாரும் பயிரிடவில்லை? கொட்டையை ஊன்றினால் மரம் வரும். ஆனால் மெஜூல் வராது. ஒட்டு மாம்பழத்தின் கொட்டையை நட்டு அதே பழத்தை எதிர்பார்க்க முடியாதல்லவா? அதுபோலத்தான். மேலும், பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. கொட்டையிலிருந்து வருபவற்றில் ஏறக்குறைய பாதி ஆணாகிவிடும். அது தெரியவே சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். மாவைப் போல ஒட்டுக் கட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. தென்னை, பனை போலப் பேரீச்சையும் ஒருவித்திலைத் தாவரம். ஒட்டும் கிளையும் அடிமரமும் இணைவதற்கு வேண்டிய வளர்திசு வளையம் அதன் தண்டில் இல்லை.

எஞ்சிய வழி பக்கக் கன்று. இளம் மரத்தின் அடியில் வாழைக்குப் போலக் கன்றுகள் கிளைக்கும். அவை தாயின் அச்சு அசல். ஆனால் வாழையின் தாராளம் இங்கில்லை. ஒரு மரம் தன் ஆயுளில் தருவது பெரும்பாலும் பத்து, இருபது கன்றுகளே. ஒவ்வொன்றையும் வேர்விடும்வரை சில ஆண்டுகள் தாயோடு விட்டுவைத்துப் பிறகே பிரிக்க வேண்டும்.

இந்த அரிய வகைக்கு மொராக்கோவில் ஓர் எமனும் வந்து சேர்ந்தான். பாயூத் என்னும் வாடல் நோய் அது. மண்ணில் வாழும் ஃபியூசேரியம் என்ற பூஞ்சை வேர் வழியாக நுழைந்து, நீர் செல்லும் குழல்களைப் பற்றி மேலேறும். மட்டையின் ஒரு பக்க ஈர்க்குகள் மட்டும் முதலில் சாம்பல் வெண்மையாகும். வெண்மை நுனிவரை சென்று மறுபக்கமாக இறங்கும். அரபு மொழியில் வெண்மையைக் குறிக்கும் சொல்லிலிருந்தே நோய்க்கு இப்பெயர் வந்தது. குருத்தை எட்டினால் மரம் பிழைக்காது. ஒரு நூற்றாண்டுக் காலத்தில் மொராக்கோவில் இது கொன்ற மரங்கள் ஒரு கோடி அளவில் என்று கணக்கிட்டுள்ளனர். மெஜூல் இந்நோய்க்கு எளிதில் பலியாகும் வகை.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் தாவரவியலாளர் வால்டர் ஸ்விங்கிள் 1927-இல் இந்நோயை ஆராய மொராக்கோ சென்றார். அப்போது நோய் எட்டாதிருந்த பூதெனிப் என்னும் சோலையில், ஒரே தாய்மரத்தின் 11 கன்றுகளைப் பெற்று அமெரிக்காவுக்கு அனுப்பினார். கண்ணுக்குத் தெரியாமல் நோயும் கூடவே வந்திருந்தால்? அதனால் அவற்றை நேரே கலிஃபோர்னியாவின் பேரீச்சைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகவில்லை. வேறு பேரீச்சை மரமே இல்லாத நெவாடா மாநிலத்தின் தென்கோடியில், பழங்குடி விவசாயி ஒருவரின் பொறுப்பில் நட்டு வைத்தனர். இரண்டு கன்றுகளை ஒரு நாய் தோண்டி எறிந்துவிட்டதாம்! மிஞ்சியவை ஒன்பது.

நோய் இல்லை என உறுதியான பின், 1936-இல் ஒன்பது மரங்களும் அவற்றின் கன்றுகளும் கலிஃபோர்னியாவின் இண்டியோ ஆய்வுத் தோட்டத்தை அடைந்தன. அவை மேலும் பெருகி, விவசாயிகளின் கைக்குக் கன்றுகள் வரத் தொடங்கியபோது 1944 ஆகிவிட்டது. கடல் கடந்து பதினேழு ஆண்டுகள்! இன்று கோச்செல்லா பள்ளத்தாக்கிலும் யூமா, பார்ட் பகுதிகளிலும் கொலராடோ ஆற்று நீரில் நிற்கும் மெஜூல் தோப்புகளுக்கு வேர் அந்த ஒன்பது கன்றுகளே.

பேரீச்சைக்குக் காலடியில் நீரும் தலைக்கு மேல் நெருப்பும் வேண்டும் என்பார்கள். பழுக்கும் சமயத்தில் மழை பெய்தால் பழம் வெடித்துப் புளித்துவிடும். ஆகவே பாலை வெயில் இதற்குத் துணையே. உழைப்புத்தான் மிகுதி. ஏறத்தாழ ஐம்பது பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் வைத்து, பாளை வெடிக்கும்போது மகரந்தத்தை மனிதர்தான் சேர்க்க வேண்டும். மெஜூலுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிஞ்சுகளில் பாதிக்கு மேல் கையால் கிள்ளி எறிய வேண்டும். மனம் பதறும் காரியந்தான்! ஆனால் கிள்ளாவிட்டால் பழம் சிறுக்கும். சந்தையில் மெஜூலுக்கு விலையே அதன் பருமனால்தான். டெக்லட் நூர் வகையைக் குலையோடு வெட்டி இறக்கலாம். மெஜூல் ஒன்றுபோலப் பழுப்பதில்லை. ஒரே மரத்தில் பலமுறை ஏறிப் பழுத்ததைப் பொறுக்க வேண்டும். பிறகு அளவுவாரியாகவும், தோல் உரியாதது, உரிந்தது எனவும் தரம் பிரிப்பார்கள். உயர்ந்த விலையில் பெரும்பங்கு இந்தக் கைவேலைக்கே போகிறது.

எல்லா மரமும் ஒன்றின் அச்சு என்பதால் வணிகருக்கு ஒரே தரமான பழம் கிடைக்கிறது. ஆனால் ஒன்றைக் கொல்லும் நோய் அனைத்தையும் கொல்லும். இன்று திசு வளர்ப்பு முறையில், மண் தொடாமல், கண்ணாடிக் குடுவைக்குள் ஆயிரக்கணக்கில் கன்றுகள் உருவாகின்றன. நோயைச் சுமந்துவரும் அச்சம் இதில் பெரிதும் குறைகிறது. கன்றுக்குப் பஞ்சமும் இல்லை. ஆயினும் இக்கன்றும் பாயூத்தை எதிர்த்து நிற்காது; நோயுள்ள மண்ணில் நட்டால் சாகும். நோயைத் தாங்கும் நஜ்தா என்ற வகையை மொராக்கோ ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்துப் பரப்பியுள்ளனர். எனினும் மெஜூலுக்குரிய விலை அதற்கு இல்லை. ஆதலால் பணம் உள்ளவர்கள் பழைய சோலைகளை விட்டு விலகி, பேரீச்சையே கண்டிராத புதிய நிலத்தில் மெஜூல் நடுகிறார்கள். ஸ்விங்கிள் கன்று பெற்ற பூதெனிப்பைச் சுற்றியே இத்தகைய பெருந்தோட்டங்கள் எழுந்துள்ளன. அவற்றுக்கு நீர் ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து வருகிறது. அருகிலுள்ள சிற்றூர்ச் சோலைகளும் நம்பியிருப்பது அதே நிலத்தடி நீரைத்தான்.