கலப்பு மரக்கன்றுகளைத் தெரிந்தெடுக்கும் முறை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பிரதேசத்தில் ஆட்கள் தொழிற்சாலைகளுக்குச் செல்வதால் வயல்வேலைக்குக் கூலியாட்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது. இந்நிலையில் புன்செய்களிலும் வரப்புகளிலும் மரம் வைத்தல் நிலச்சுவான்தார்களுக்கு அனுகூலமான முயற்சியாகும். ஆயினும் மரத்தின் குறை பல ஆண்டுகள் சென்ற பின்னரே வெளிப்படுமாதலால், கன்று வாங்கும் நாளில் நேரும் பிழையைப் பின்னர்த் திருத்துதல் இயலாது.

ஒரே ஜாதி மரத்தை நிலம் முழுவதும் நடுதல் தகாது. 1980களின் இறுதியில் ஒருவகைச் சாறு உறிஞ்சும் பூச்சி சவுண்டல் மரங்களைப் பெரிதும் வாட்டிற்று. 2016 டிசம்பர் 12ஆம் தேதி அடித்த வர்தா புயலில், சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அவற்றுள் மயிற்கொன்றை, பெருங்கொன்றை போன்ற அயல்நாட்டு மரங்கள் மிகுதி. பல ஜாதிகளைக் கலந்து நட்டால் ஒன்று கெடினும் மற்றவை நிற்கும்.

ஜாதியை மண்ணே நிச்சயிக்க வேண்டும். ஏரியின் கீழுள்ள களிமண்ணுக்கு நீர்மருது, நாவல், புங்கம் ஏற்றவை. மேட்டுச் செம்மண்ணுக்கு வேம்பு, வாகை, புளி தகும். தேக்கு நீர் தேங்கும் நிலத்தில் தழைப்பதில்லை. பனையைக் கன்றாக நடாமல், விதையை வரப்பிலேயே ஊன்ற வேண்டும்.

நாற்றுப்பண்ணையில் உயரத்தைக் கண்டு மயங்கலாகாது. தண்டு பருத்து, நேராக நிற்கும் கன்றே நன்று. பையைத் துளைத்து நிலத்தில் வேரோடிய கன்றைப் பெயர்த்தால் ஆணிவேர் அறும். ஒரு கன்றின் பையைக் கிழித்துப் பார்த்தல் அவசியம். வேர் சுருண்டு கிடப்பின், விலை மலிவாயினும் அத்தொகுதியையே விலக்க வேண்டும். வேர் சுருண்ட கன்று சில ஆண்டுகள் செழிப்பாகத் தோன்றினும் பெருங்காற்றில் எளிதில் சாயும். எவ்விடத்துத் தாய்மரத்தின் விதை என்பதையும் விசாரித்தறிதல் வேண்டும்.

2021-22ஆம் ஆண்டில் தமிழக வேளாண்மைத் துறை தொடங்கிய நீடித்த பசுமைப் போர்வைக்கான இயக்கத்தில், ஏக்கருக்கு வரப்போரம் 50 கன்றுகளும், வயல் முழுவதும் நடுவோருக்கு 160 கன்றுகளும் இலவசமாக வழங்க ஏற்பாடாயிற்று. நடப்பு ஆண்டின் விவரங்களை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் முன்னதாகவே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

புரட்டாசியில் குழி எடுத்து, ஐப்பசி மழை நிலத்தை நனைத்தவுடன் நடுதல் உத்தமம். சந்தனம், செம்மரம் வைப்போர் நட்ட ஆண்டிலேயே அடங்கலில் பதிவு செய்வித்தல் நலம். கிராம நிர்வாக அலுவலர்கள் இதனைக் கவனித்துச் செய்துகொடுத்தால், பிற்காலத்தில் வெட்டும் அனுமதி கோரும்போது குடிகளுக்கு அலைச்சல் குறையும்.